கலைச்சொல்: வெபரின் ‘எண்ட்சௌபருங்’ தமிழில்?

பொருநைக்கரை:

குழுவினர்க்கு வணக்கம்.

சமூகவியல் முதுகலை மாணவர்களுக்கான தொகைநூல் ஒன்றில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பகுதி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது. எண்ட்சௌபருங் என்ற ஒரு சொல்தான் பாக்கி. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு டிஸ்என்சான்ட்மென்ட்.

1917 நவம்பரில் மியூனிக்கில், அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி மாணவர்களிடம் பேசும்போது வெபர் இதை விளக்குகிறார். டிராமில் போகிறவருக்கு, இயற்பியல் படித்தவராக இருந்தால் ஒழிய, அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது. ஆனால் வேண்டுமென்றால் தெரிந்துகொள்ளலாம், கணக்குக்குள் அடங்காத சக்தி எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்ற நம்பிக்கை இருக்கிறது. காட்டில் வாழ்கிறவருக்குத் தம் கருவிகளைப் பற்றி நம்மைவிட நன்றாகவே தெரியும் என்றும் அவரே சொல்கிறார். ஆகவே அறிவு பெருகியதைச் சொல்லும் சொல் அல்ல இது. உலகத்தோடு பேரம் பேச இனி மந்திரவாதி தேவையில்லை என்ற மனநிலை.

வருகிற சொல் மூன்று இடத்தில் உட்கார வேண்டும். ஒன்று, ‘உலகின் இன்னது’ என்று பெயராக. இரண்டு, அதே உரையில் பழைய பல தெய்வங்கள் ‘எண்ட்சௌபர்ட்’ ஆகி, ஆள்தன்மை இல்லாத ஆற்றல்களின் வடிவில் கல்லறைகளிலிருந்து எழுந்து வருகின்றன என்கிறார்; அங்கே தெய்வங்களுக்கு அடையாக. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய நூலின் 1920ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இந்த நிகழ்வைத் தொடங்கி வைத்தவர்கள் பழைய எபிரேயத் தீர்க்கதரிசிகள் என்கிறார். முடித்து வைத்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவினர். மூடநம்பிக்கை நுழைந்துவிடக் கூடாதென்று நெருங்கிய உறவினரைக்கூடப் பாட்டும் சடங்கும் இல்லாமல் புதைத்தவர்கள் அவர்கள். அதாவது சமயமே எழுவாயாக நிற்கும் வாக்கியத்தில் சொல் பொருந்த வேண்டும். நாத்திகம் போல் ஒலித்தால் பாடமே தலைகீழாகிவிடும்.

நான் எழுதி அடித்தவை: மாயநீக்கம், மந்திரநீக்கம், இறைநீக்கம், வசியமிழப்பு.

மின்கொடி:

அக்கா, மாயநீக்கமே போதும். சின்னதாக இருக்கிறது, தேடினால் கிடைக்கும், விக்கியில் தலைப்பாகவும் வைக்கலாம். கச்சிதமான சொல்லுக்காகக் காத்திருந்து பக்கமே எழுதாமல் விட்டவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறோம்.

சேலத்து வாத்தியார்:

மாயநீக்கம் வகுப்பில் நிற்காது, தம்பி. போன பருவத்தில் பலகையில் அதைத்தான் எழுதினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்து, “அப்போ இது ஞானம் அடையறதுங்களா சார்?” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் மாயம் என்றாலே மாயை, மாயை என்றாலே அது விலகினால் மெய்ப்பொருள். வெபர் சொல்கிற உலகத்தில் அது விலகினால் மெய்ப்பொருள் ஒன்றும் தெரியாது, கணக்குப் புத்தகம்தான் தெரியும்.

இறைநீக்கம் இன்னும் மோசம். சொன்ன உடனே பெரியார் சிலைதான் மனசில் வரும். பியூரிட்டனோ கடவுளைத் தவிர வேறெதையும் நினைக்காத மனிதன்.

வசியமிழப்பு என்றால் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்கள் விவகாரம் மாதிரி இருக்கிறது.

ரைன்கரை:

வணக்கம். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: அவர் பெயர் வேபர், நெடில். இங்கே ஜெர்மனியில் யாரும் வெபர் என்று சொல்வதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வெபர் ஊன்றிவிட்டபடியால் இதற்காகச் சண்டை பிடிக்கமாட்டேன்.

இறைநீக்கத்தை வாத்தியார் தள்ளியது சரி. அந்தக் கருத்துக்கு ஜெர்மனில் தனிச் சொல்லே உண்டு. 1788இல் கிரேக்கத்துத் தெய்வங்களைப் பற்றிய கவிதையில் ஷில்லர் இயற்கையை ‘தெய்வம் அகற்றப்பட்ட இயற்கை’ என்றார். வேபருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அதை விட்டுவிட்டு, மந்திரவித்தை என்று பொருள்படும் ட்சௌபரை எடுத்து எண்ட்சௌபருங் என்றார் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

ட்சௌபர் என்பது சாதாரணச் சொல். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தொப்பியில் இருந்து முயல் எடுப்பவரும் ட்சௌபரர்தான். வேபரோ அதைக் கூர்மையாக்கி வைத்திருந்தார். கடவுளை வேண்டிக்கொள்வது வழிபாடு. கடவுளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது மந்திரம். இந்த இரண்டையும் அவர் பிரித்தே கதைப்பார். ஆகவே மந்திரநீக்கம்தான் நேர்ச்சொல். மந்திரவாதி என்ற சொல் எல்லோருக்கும் விளங்கும்தானே?

வெண்பாக்கிழார்:

அன்பர்களே,

மந்திரம் என்பதைத் தொல்காப்பியர் எப்படி வரையறுத்தார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.’ நிறைமொழி மாந்தரின் ஆணை நீங்குவதா வெபர் சொல்வது? பியூரிட்டன் விவிலியத்தின் ஒவ்வோர் எழுத்தையும் மறைமொழி என்று கொண்டவன். மந்திரநீக்கம் நடந்திருந்தால் முதலில் அவன் கைநூல் போயிருக்க வேண்டும்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கிறது: அணங்கு. மலையில், சுனையில், மரத்தில், முலையில், முரசில் எங்கும் உறைந்து, தீண்டினாரை வருத்தும் ஆற்றல். ‘அணங்குடை முருகன் கோட்டத்துக் கலம்தொடா மகளிரின்’ என்கிறது புறநானூறு 299. கோட்டத்துக் கலத்தைக்கூடத் தொட அஞ்சி ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த அச்சம் போன உலகமே வெபரின் உலகம். அணங்குநீக்கம், அல்லது இன்னும் செறிவாக, அணங்கறல்.

ட்சௌபரின் வேரையும் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச்சொல் செங்காவியைக் குறித்திருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்துக்குச் செந்நிறம் பூசியதால் அப்பெயர் வந்தது என்பர். இப்போது திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு ஆடிப் பலியிடும் வெறிக்களத்துக்கு வாருங்கள். செந்நூல் கட்டி, கொழுவிடைக் குருதியைத் தூவெள் அரிசியோடு கலந்து பலியிடுகிறாள் குறமகள். இங்கும் செம்மை, அங்கும் செம்மை. செம்மை, சேய், சேயோன் எல்லாம் ஒரே வேர். சேயோன் யார்? முருகன். முருகே அணங்கு. வடகடல் ஓரத்து எழுத்துக்கல்லும் நம் நடுகல்லும் ஒரே காவியில் நனைந்தவை என்பதை விரிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மடலில் இணைக்கிறேன்.

மின்கொடி:

ஐயா, வெள்ளிக்கிழமை…

சேலத்து வாத்தியார்:

கிழார் ஐயா மன்னிக்கணும். ‘தமிழணங்கே’ என்று தினமும் காலை இறைவணக்கத்தில் பாடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அணங்குநீக்கம் என்றால், பெண்களை எங்கிருந்து நீக்குகிறோம் என்று கேட்பார்கள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ படித்தவர்களும் காமத்துப்பாலுக்குத்தான் போவார்கள்.

மந்திரநீக்கத்திலும் எனக்கு ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் மந்திரம் இல்லாத ஒன்று என்றால் உடனே நினைவுக்கு வருவது சுயமரியாதைத் திருமணம். 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரைக்கும் பேச்சு போய்விடும். அதுவும் நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அங்கே நீங்கியது புரோகிதர், அதோடு வடமொழி. தாலி பல வீடுகளில் அப்படியே இருந்தது. அப்புறம் எங்கள் பேருந்து நிலையச் சுவரில் ‘பில்லி சூனியம், செய்வினை நீக்கப்படும்’ என்று தொலைபேசி எண்ணோடு எழுதியிருக்கிறது. அவரும் மந்திரநீக்கம்தானே செய்கிறார், இன்னும் பெரிய மந்திரம் போட்டு!

ஆய்மயில்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அணங்கு என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

கிழார் ஐயா சொல்கிற ‘எங்கும் உறையும் ஆபத்தான ஆற்றல்’ என்ற பொருள் சங்கப் பாட்டிலிருந்து நேராக வந்ததல்ல. 1975இல் ஜார்ஜ் ஹார்ட் அப்படி வாதாடினார், அது பரவியது. 1986இல் வி. எஸ். இராஜம் அதை மறுத்து, அந்தச் சொல்லைப் பெண்ணின் புனித ஆற்றல் என்று குறுக்கிவிட்டார்கள் என்று காட்டினார். இன்னும் முடியாத வழக்கு அது. அதைக் கொண்டுபோய் வெபர் தலையில் கட்டினால் இரண்டு சண்டையும் ஒன்றாகிவிடும்.

ஆனால் நீங்கள் வெறிக்களத்துக்குக் கூட்டிப்போனது நல்லதாகப் போயிற்று. நற்றிணை 34ஐ எடுங்கள். தலைவி மெலிகிறாள், தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள், முருகனே கடம்பமாலை சூடி வீட்டுக்கு வந்துவிடுகிறான். தோழி அவனைப் பார்த்துச் சொல்கிறாள்: இது உன் அணங்கு இல்லை என்று உனக்கே தெரியும், தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!’ நீ கடவுளாகவே இரு, ஆனால் முட்டாள்தான், நல்லா இரு. தமிழில் தெய்வத்தின் முகத்துக்கு நேரே இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை. வெபருக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே நமக்கு இது நடந்துவிட்டது என்று யாராவது சொல்வதற்கு முன்…

வெண்பாக்கிழார்:

அதையேதான் சொல்ல வந்தேன்! வெபருக்கு முன்பே நமக்கு நடந்துவிட்டது.

ஆய்மயில்:

…சொல்வதற்கு முன், அப்படி இல்லை என்று எழுத வந்தேன். தோழி முருகன் இல்லை என்று சொல்லவில்லை. அவன் வந்து நிற்கிறான், அவனோடு பேசுகிறாள், வாழ்த்துகிறாள். அணங்கும் இருக்கிறது, இந்த நோய்க்குக் காரணம் அது இல்லை, அவ்வளவுதான். மலைநாடன் மார்புதான் காரணம். வேலனின் நோய்க்கணிப்பு தவறு என்பதற்கும், நோய்க்கு வேலன் தேவைப்படாத உலகம் என்பதற்கும் நிறைய தூரம். வெபர் பேசுவது இரண்டாவதை. வெறியாட்டை மறுக்கும் துறையே தனியாக இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் எல்லாம் வெறியாட்டு நடந்துகொண்டே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ரைன்கரை:

ஓம், இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், இவ்வளவு வடிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கூடவே ஒன்று. அணங்கில் ஆற்றல் மனிதரை வருத்துகிறது. ட்சௌபரில் மனிதர் ஆற்றலை ஆட்டுகிறார். திசையே வேறு.

ஊர்க்கதை ஒன்றும். நாங்கள் இருக்கும் பக்கத்தில் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம். தேர்த் திருவிழாவுக்குச் செடில் குத்திய காவடிகள் வெஸ்ட்ஃபாலியத் தெருவில் ஆடிப் போகும், ஓரத்தில் பொலீஸ் நின்று வழிவிடும். அம்பாளுக்குத் தீர்த்தம் பக்கத்துக் கப்பல் கால்வாயில்தான். டாட்டல்ன்–ஹாம் கால்வாய் என்று வரைபடத்தில் இருப்பது அன்றைக்கு ஒருநாள் கங்கை. வேபர் பிறந்த நாட்டில் இதையும் பார்க்கிறோம். கால்வாயில் இறங்கும் பலர் திங்கட்கிழமை தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள். சொல் கிடைத்தாலும் ‘உலகின்’ என்று அவர் சேர்த்ததை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் யோசிப்பது அதனால்தான். யாருடைய உலகம்?

பொருநைக்கரை:

கால்வாய்ச் செய்திக்கு நன்றி, அடிக்குறிப்பில் சேர்க்க ஆசை, பதிப்பாசிரியர் விடமாட்டார். ஜேசன் ஜோசப்சன்-ஸ்டார்ம் 2017இல் எழுதிய நூலில் அந்த நிகழ்வே ஒரு கட்டுக்கதை என்று வாதாடியதையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கட்டுக்கதை என்று மறுக்கவும் அதற்கு ஒரு பெயர் வேண்டுமே.

இதுவரை: அணங்கு அழகு, ஆனால் திசை தவறு. மந்திரம் திசை சரி, ஆனால் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மாயம் வேதாந்தத்துக்குப் போய்விடுகிறது. வேறு ஏதாவது?

சேலத்து வாத்தியார்:

மருள்.

எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் சாமி வந்து ஆடுகிறவருக்கு மருளாளி என்று பெயர். உடுக்கை வேகம் ஏற ஏற முதலில் கால் கட்டைவிரல் நடுங்கும், அப்புறம் தோள். பூசாரி விபூதி போட்டதும் குரலே மாறி, “போன வருஷம் எனக்கு என்னடா சொன்னே?” என்று கூட்டத்தில் ஒருவரைப் பிடித்துக் கேட்கும். அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு கணக்குச் சொல்வார், கடன் பாக்கி மாதிரி. வேண்டுதல், தட்சணை, தண்டனை எல்லாம் அங்கே பேசி முடிவாகும். பொருநைக்கரை சொன்ன பேரம், ரைன்கரை சொன்ன கட்டாயம் இரண்டும் இதில் இருக்கிறது. அந்தப் பேரம் இல்லாத உலகம்: மருள்நீக்கம். வகுப்பில் ஒரே நிமிஷத்தில் விளங்கும், எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு லாபம். தலைவரிடம் மக்கள் காணும் அசாதாரண ஆற்றலுக்கு வெபர் சொல்லும் கரிஸ்மாவைக் ‘கவர்ச்சி’ என்று எழுதி நாம் படுகிற பாடு போதும். கவர்ச்சித் தலைவர் என்றால் சினிமாச் சுவரொட்டிதான். கிரேக்க மூலத்தில் அது அருட்கொடை. அங்கே அருள், இங்கே மருள். ஜோடியாக நிற்கும்.

வெண்பாக்கிழார்:

அருமை, வாத்தியாரே! அப்பரடிகளின் பிள்ளைப் பெயரே மருணீக்கியார். அணங்கை விட்டுக்கொடுக்கிறேன், இந்த ஒரு பொருத்தத்துக்காக. ஆனால் ளகரத்தின் முன் நகரம் வந்தால் புணர வேண்டும். மருணீக்கம் என்றே எழுதுக. அல்லது குறளின் ‘மருள்தீர்ந்த மாசறு காட்சியவர்’ வழியில் மருட்டீர்வு.

மின்கொடி:

மருட்டீர்வு? யாரை மருட்டுகிறோம் ஐயா? மருணீக்கத்தையும் தேடுபொறியில் யாரும் தட்டமாட்டார்கள். பிரித்தே எழுதுவோம்.

ஆய்மயில்:

எனக்கு மருளிலும் தடை இருக்கிறது. மருளாளி என்பதில் மருள் ஒரு நிலை, சரி. ஆனால் எழுத்துத் தமிழில் மருள் என்றால் மயக்கம், அறியாமை. நீங்களே எடுத்துக் கொடுத்த குறளில் மருள் போனால் ‘மாசறு காட்சி’ கிடைத்துவிடுகிறது. அப்பர் மருள் நீங்கியதாக நாம் கொள்வது அவர் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதால். அதாவது நம் கட்சிக்கு வந்ததால். மருள்நீக்கம் என்ற உடனே பழைய உலகம் பொய், புதிய உலகம் மெய் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வெபர் அந்தத் தீர்ப்பை எழுதவில்லை. அறிவியலால் ‘நாம் எப்படி வாழ வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதில் தர முடியாது என்று அதே உரையில் சொல்கிற மனிதர். மாயநீக்கத்தை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோமோ, அதே காரணம் இங்கும் இருக்கிறது. வாத்தியார் வகுப்பில் மட்டும் அது மறைகிறது, அவர் மருளாளியைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால்.

சேலத்து வாத்தியார்:

என் பிள்ளைகளும் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அம்மா. புத்தகம் அவர்களுக்குத்தானே? திருக்குறள் உரையாசிரியர்களுக்கா?

1916இல் எங்கள் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்தபோது அதன் பெயரே ‘தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்’. இன்று அந்தப் பெயரிலேயே நாம் நாலு சொல்லை மாற்றுவோம். சொல் பிறக்கும்போது முழுதாகப் பிறப்பதில்லை, வகுப்பில் அடிபட்டுத்தான் படியும்.

ரைன்கரை:

நீக்கமா நீங்கலா என்று ஒருவரும் கேட்கவில்லையே? நீக்கு என்றால் செய்பவர் வேண்டும், பிறவினை. நீங்கு என்றால் தானாகப் போவது. ஜெர்மன் வினை பிறவினைதான்.

பொருநைக்கரை:

நீக்கம்தான், ரைன்கரை. என் மூன்றாவது வாக்கியம் அங்கேதான் ஜெயிக்கிறது. செய்தவர் சமயம். ‘தீர்க்கதரிசிகள் தொடங்கிய மருள்நீக்கத்தைப் பியூரிட்டன்கள் முடித்து வைத்தனர்.’ எழுதிப் பார்த்தேன், நிற்கிறது. ‘மருள் நீக்கப்பட்ட பழைய தெய்வங்கள், ஆள்தன்மை அற்ற ஆற்றல்களாகக் கல்லறை விட்டெழுகின்றன.’ இதுவும் நிற்கிறது. மருள் அங்கே அறியாமையாக ஒலிக்கவில்லை, தெய்வத்திடமிருந்து எதையோ பறித்தது போல் ஒலிக்கிறது. ‘உலகின் மருள்நீக்கம்’ என்பதில்தான் ஆய்மயில் சொன்ன உறுத்தல் தெரிகிறது. அங்கே ஓர் அடிக்குறிப்பு: ‘மருள் என்பது இங்கே அறியாமை அன்று, மருளாளி என்ற வழக்கில் உள்ள பொருளில்.’ மந்திரநீக்கத்தை அடைப்புக்குறிக்குள் முதல் இடத்தில் மட்டும் தருகிறேன், ரைன்கரைக்காக.

கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஆய்மயில்:

அடிக்குறிப்பு போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தச் சொல் தேர்ச்சி பெறவில்லை என்று பொருள். நான் என் கட்டுரைகளில் எண்ட்சௌபருங் என்றே எழுதப்போகிறேன், கரிஸ்மா என்று எழுதுவதைப் போல. மாறுபட்ட கருத்து என்று பதிவில் இருக்கட்டும்.

வெண்பாக்கிழார்:

மருணீக்கம் என்று சேர்த்தெழுதும் வரை என் வாக்கையும் ஆதரவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். செங்காவிக் கட்டுரை நாளை வரும்.

மின்கொடி:

விக்கியில் மருள்நீக்கம் என்று பக்கம் திறந்துவிட்டேன், மாயநீக்கத்திலிருந்து வழிமாற்றும் உண்டு. அப்புறம், நீக்கியது திரும்பி வருவதைச் சொல்லும் ரீஎன்சான்ட்மென்டுக்கு என்ன வைப்பது? மறுமருளா, மருளேற்றமா? தனி இழையாகத் தொடங்கவா?

சேலத்து வாத்தியார்:

தேர்வுத்தாள் திருத்தி முடியட்டும், தம்பி.